பழைய எவின்றூட் 18 மறுபடி ஓடியது

1969ஆம் ஆண்டு எவின்றூட் ஃபாஸ்ற்வின், வள்ளத்தின் பின்னால் பூட்டும் வெளி எஞ்சின். 18 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், ரூ ஸ்ரோக். போன சனிக்கிழமை ரைஸ் லேக்கில் 14 அடி அலுமினிய வள்ளத்தில் பூட்டி முழு வேகத்தில் விட்டேன். கரையிலிருந்து எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பும்வரை சத்தம் ஒரு இடத்திலும் இறங்கவில்லை. இலையுதிர்காலத்தில் வாங்கியதை இப்போதுதான் நம்பி ஏரிக்குள் கொண்டுபோக முடிகிறது. என்ன பழுது, எந்த ஒழுங்கில் பிடித்தேன், எவ்வளவு முடிந்தது என்று சூடு ஆறுமுன் எழுதி வைக்கிறேன். ஒன்ராறியோவில் நம்மவர்கள் பலரின் கராஜில் இப்படி ஒரு பழைய ஜோன்சனோ எவின்றூட்டோ தூசி படிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பயன்படும்.

பீற்றர்பரோவுக்குத் தெற்கே ஒரு பண்ணை வீட்டில், பழைய சாமான்களோடு சாமானாக விலைக்கு வைத்திருந்தார்கள். 140 டொலர். எப்போது கடைசியாக ஓடியது என்று விற்றவருக்குத் தெரியாது. இரும்புத் தகட்டில் 'பீற்றர்பரோ, கனடா' என்று பொறித்திருந்தது. ஜோன்சன், எவின்றூட் இரண்டையும் கனடாவில் செய்த தொழிற்சாலை அந்த ஊரில்தான் இருந்தது; அங்கே உள்ள கனூ அருங்காட்சியகம் புதிய இடத்துக்கு மாறும்வரை அந்தக் கம்பனியின் பழைய கட்டடத்தில்தான் இயங்கியது. தாய்க் கம்பனி 2000 டிசம்பரில் வங்குரோத்தானது. பிறகு வேறு கைக்கு மாறி, 2020இல் எவின்றூட் என்ற பெயரில் எஞ்சின் செய்வதே நின்றுவிட்டது. ஆனால் உதிரிப்பாகம் கிடைக்கிறது. காரணம், இந்தக் கம்பனி 50களிலிருந்து 70கள் வரை சின்ன, நடுத்தர எஞ்சின்களில் ஏறக்குறைய ஒரே மக்னற்றோ அமைப்பையே (பெற்றோலைப் பற்றவைக்கும் மின்பொறியைச் சுழலும் காந்தத்தால் உண்டாக்குவது) போட்டு வந்தது. 3 குதிரைவலுவுக்கு வாங்கும் கொயில்தான் (பொறிக்கு மின்னழுத்தத்தை உயர்த்தும் கம்பிச்சுருள்) இந்த 18க்கும். அதனால் வேறு கம்பனிகள் இன்றும் அவற்றைச் செய்து விற்கின்றன. பழைய எஞ்சின் ஒன்றில் கை வைக்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் காலத்து ஜோன்சன், எவின்றூட்டை நான் முதலில் சொல்வது இதனால்தான்.

காசு கொடுக்குமுன் நான்கு விஷயம் பார்த்தேன். கயிற்றை இழுத்தால் சுழல்கிறதா, கியர் முன்னும் பின்னும் விழுகிறதா, புரொப்பெலர்த் தண்டு நேராக இருக்கிறதா, சிலிண்டருக்குள் அமுக்கம் எவ்வளவு. அமுக்கமானியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மேல் சிலிண்டர் 95 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்), கீழ் சிலிண்டர் 92. இரண்டும் கிட்டக் கிட்ட இருப்பதுதான் முக்கியம். பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். இந்த எஞ்சினில் பிஸ்ரன், றிங், பெயாரிங், பற்சக்கரம் ஒன்றிலும் கை வைக்கவில்லை. ஐம்பது வருடம் தாண்டியும் உலோகம் உலோகமாகவே இருந்தது. கெட்டுப்போனவை எல்லாம் இறப்பர், கோர்க், கொயிலின் காப்புறை போன்ற மென்மையான சாமான்கள். வேலை நடந்த ஒவ்வொரு கட்டத்திலும் இதையேதான் கண்டேன்.

முதலில் ஸ்பார்க், அதாவது மின்பொறி. இரண்டு பிளக்கையும் கழற்றி, இடைவெளி கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் ரெஸ்ரரை மாட்டி கால் அங்குலத்தில் வைத்தேன். பிளக்கை எஞ்சின் உடம்பில் சாய்த்து வைத்துப் பார்க்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அதை நம்பக்கூடாது. பிளக்கின் இடைவெளி வெறும் 0.030 அங்குலம், திறந்த காற்றில் அந்த அளவைத் தாண்ட நோய்ப்பட்ட கொயிலாலும் முடியும். சிலிண்டருக்குள் அமுக்கம் ஏறும்போதுதான் அது கைவிடும். கால் அங்குலத்தைத் தாண்டி, நீல நிறத்தில், 'டக்' என்று சத்தத்தோடு பாய்ந்தால்தான் சரி. எனக்கு மேல் சிலிண்டரில் ஒன்றுமே இல்லை. கீழ் சிலிண்டரில் மஞ்சளாக, மூன்று இழுவைக்கு ஒன்று.

கொயில்கள் இருப்பது எஞ்சினின் மேலே சுழலும் காந்தச் சக்கரமான ஃபிளைவீலுக்கு அடியில். அதைக் கழற்ற வேண்டும். இதற்கு மூன்று போல்ற் போட்டு நடுவில் திருகும் புல்லர்தான் வேண்டும். காரின் ஸ்ரியரிங் கழற்றும் புல்லர் பொருந்துகிறது, 26 டொலர். ஓரத்தைக் கொக்கி போட்டு இழுக்கும் வகையைக் கிட்டவே கொண்டுபோகக்கூடாது, ஃபிளைவீல் கோணிவிடும். நடுத் திருகை நன்றாக இறுக்கி, அதன் தலையில் சுத்தியலால் ஒரு அடி. விட்டுவிட்டது.

உள்ளே பார்த்ததும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. இரண்டு கொயில், இரண்டு சோடி பொயின்ற் (மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனைகள்), இரண்டு கொண்டென்சர் (பொயின்ற் கருகாமல் காக்கும் மின்தேக்கி) ஒரு தட்டில் இருக்கும். மேல் சிலிண்டருக்குரிய கொயிலின் உறையில் தலைமயிர் அளவில் வெடிப்புகள் வட்டமாக ஓடியிருந்தன. நகத்தால் நெண்டியதும் ஒரு செதிள் கழன்று, உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பியின் மினுக்கம் தெரிந்தது. மற்றக் கொயிலில் வெடிப்பு குறைவு, ஆனால் இருந்தது. மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்தால் இரண்டும் நல்ல கொயில் என்றுதான் காட்டியது. மீற்றர் ஓமில் அளக்கும்போது கொடுப்பது ஒரு பற்றரியின் அழுத்தம். கொயில் வேலை செய்யும்போது வருவதோ ஆயிரக்கணக்கான வோல்ற், அது வெடிப்பு வழியாகப் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். ஆகவே இந்தக் கொயிலில் வெடிப்பைக் கண்டால் அளக்க வேண்டிய தேவையே இல்லை, மாற்றுவதுதான்.

இரண்டு கொயில் 104 டொலர். பொயின்றும் கொண்டென்சரும் இரண்டு தொகுதி 62. பிளக் வயர் 18: உள்ளே உலோகக் கம்பி ஓடும் வயர்தான் வேண்டும், இப்போதைய காருக்கு வரும் கரி வயர் சரிவராது. கொயிலுக்குள் ஒரு முள் நீட்டிக்கொண்டு நிற்கும்; வயரை நேராக வெட்டி அந்த முள் கம்பியின் நடுவில் குத்தும்படி முறுக்கி ஏற்ற வேண்டும்.

கொயிலைப் பூட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. தட்டில் கடைந்து எடுத்த சிறு மேடுகள் இருக்கின்றன. கொயிலின் இரும்புத் தகட்டு ஓரம் அந்த மேட்டின் ஓரத்தோடு சமமாக நிற்க வேண்டும். வெளியே தள்ளினால் ஃபிளைவீலின் காந்தம் உரசும், உள்ளே போனால் ஸ்பார்க் பலவீனமாகும். சின்ன எஃகு அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்து, விரலால் தடவிப் பார்த்து, ஸ்குறூவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பொயின்ற் இடைவெளி 0.020 அங்குலம். பொயின்றைத் திறக்கும் காமின் தலையில் 'ரொப்' என்று பொறித்திருக்கும், அது மேலே பார்க்க வேண்டும். பொயின்றின் குதிக்கால் காமின் மிக உயர்ந்த இடத்தில் ஏறி நிற்கும்போது இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டால் லேசாகப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். ஸ்குறூவை இறுக்கும்போது அளவு மாறும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும்.

எல்லாம் புதிது. கயிற்றை இழுத்தால் மேலே நல்ல ஸ்பார்க், கீழே எதுவும் இல்லை. புதுப் பொயின்றில் துருப் பிடிக்காமல் இருக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி அனுப்புகிறார்கள். அதோடு நான் தொட்ட விரலின் எண்ணெயும் சேர்ந்திருக்கும். வெள்ளை அட்டையில் ஒரு துண்டு வெட்டி, ஆல்ககோலில் நனைத்து, பொயின்ற் வாய்க்குள் விட்டு இழுத்தேன். அட்டையில் கறுப்புக் கோடு விழுந்தது. கோடு விழாமல் வரும்வரை புதுத் துண்டு, புதுத் துண்டு என்று இழுத்து, கடைசியில் காய்ந்த அட்டையால் ஒருமுறை. அதற்குப் பிறகு இரண்டு சிலிண்டரிலும் கால் அங்குலத்தைத் தாண்டி நீலமாகப் பாய்ந்தது. ஃபிளைவீல் உட்காரும் கூம்பையும் ஆல்ககோலால் துடைத்து, எண்ணெய் ஏதும் போடாமல், நட்டை 45 அடி-இறாத்தல் இறுக்கினேன். கூம்பில் எண்ணெய் இருந்தால் ஃபிளைவீல் வழுக்கி, அதைத் தண்டோடு பிடித்து வைக்கும் சாவித் துண்டு வெட்டுப்படும்.

பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிண்ணத்துக்குள் பழைய பெற்றோல் காய்ந்து தேன் நிறத்தில் பிசினாகியிருந்தது. மிதவை கோர்க்கால் ஆனது. அதன் பூச்சு உரிந்து, கோர்க் பெற்றோலை உறிஞ்சிப் பாரமாகியிருந்தது. மிதக்க வேண்டியது தாழ்ந்தால் ஊசி மூடாது, பெற்றோல் வழிந்துகொண்டே இருக்கும். 39 டொலர் கிற்றில் புது மிதவை, ஊசி, இருக்கை, கஸ்கெற் எல்லாம் வந்தன. துவாரங்களைக் கம்பியால் குத்தவில்லை, ஸ்பிறேயும் அமுக்கக் காற்றும் போதும். குறைவேக ஊசியை மெதுவாக உட்காரும்வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. தொடங்க இது போதும், மிச்சத்தை எஞ்சின் சூடான பிறகு காது சொல்லும்.

அடுத்தது எஞ்சினின் கால், அதாவது கியர்ப்பெட்டியோடு தண்ணீருக்குள் நிற்கும் கீழ்ப்பகுதி. கீழே இருக்கும் கியர் ஒயில் ஸ்குறூவை ஒரு கிண்ணத்துக்கு மேலே வைத்துத் தளர்த்தினேன். முதலில் வந்தது தெளிந்த தண்ணீர், பிறகு பால் தேநீர் நிறத்தில் ஒயில். எண்ணெயைவிடத் தண்ணீர் பாரம் என்பதால் அடியில் நின்றிருக்கிறது. இதை அக்ரோபரில் பார்த்தது என் நல்ல காலம். தண்ணீர் உள்ளே இருக்க, வெப்பம் கழித்தல் இருபதுக்குப் போகும் ஒரு கராஜில் இந்த எஞ்சின் நின்றிருந்தால், உறைந்து விரிந்து கியர்ப்பெட்டியையே பிளந்திருக்கும். இந்த நாட்டில் பழைய எஞ்சின்கள் குப்பைக்குப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். வேறெதற்கும் நேரம் இல்லாவிட்டாலும் குளிர் வருமுன் அந்த ஒயிலை மாற்றிவிடுங்கள்.

காலைக் கழற்ற, பக்கத்தில் இருக்கும் சிறு மூடித் தகட்டைத் திறந்து கியர்க் கம்பியின் இணைப்பைப் பிரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் போல்ற்கள். இது எல்லாக் காலமும் நன்னீரில் ஓடிய எஞ்சின் என்பது இங்கேதான் தெரிந்தது. துளையூறும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்து, புரொப்பேன் சுவாலையால் அலுமினியத்தை லேசாகச் சூடாக்க, ஒரு போல்றும் முறியாமல் வந்தது. பருத்தித்துறைக் கடலில் ஓடியிருந்தால் எஃகும் அலுமினியமும் வெள்ளைப் பொடியாகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பாதிப் போல்ற் தலை கையோடு வந்திருக்கும்.

எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர்ப் பம்பைத் திறந்தேன். தண்ணீரைத் தள்ளும் இறப்பர்ச் சக்கரமான இம்பெல்லரின் இதழ்கள் ஒரு பக்கமாக மடங்கியபடியே விறைத்துப் போயிருந்தன. ஒன்றை நிமிர்த்தப் பார்க்க, அடியோடு ஒடிந்தது. இப்படி இருந்தும் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க வெளியே அடையாளம் கிடையாது. இப்போதைய எஞ்சின்களில் பக்கத்தால் பீய்ச்சும் மெல்லிய தாரை இந்த வயசு எவின்றூட்டில் இல்லை. காலின் பின்பக்கத்து ஓட்டைகளால் புகையோடு கலந்து தண்ணீர்த் தூவானம் வரும், அவ்வளவுதான். பழைய எஞ்சின் வாங்கி வந்த அன்றே ஓட்டிப் பார்க்க ஆசை வரும். இம்பெல்லரைப் பார்க்காமல் ஓட்டுவது நல்ல பிஸ்ரனைப் பணயம் வைப்பது. பம்ப் கிற் 61 டொலர். பழைய உறையின் உட்பகுதியும் தேய்ந்திருந்ததால் இம்பெல்லரை மட்டும் வாங்காமல் முழுக் கிற் எடுத்தேன். பூட்டும்போது உறையை அழுத்திக்கொண்டு தண்டை வலஞ்சுழியாகச் சுற்றினால் இதழ்கள் சரியான பக்கத்துக்கு மடங்கி உள்ளே போகும்.

தண்ணீர் உள்ளே போன வழி மூன்றாக இருக்கலாம்: ஒயில் ஸ்குறூவின் வாஷர், புரொப்பெலர்த் தண்டின் சீல், கியர்க் கம்பி இறங்கும் இடத்து ஓ-றிங் என்ற இறப்பர் வளையம். எது என்று ஆராயாமல் மூன்றையும் மாற்றினேன், சீல் கிற் 44 டொலர். கியர்ப்பெட்டி மேல் கீழாக இரண்டாகக் கழலும். அதைப் பூட்டிய பெரிய தட்டைத் தலை ஸ்குறூக்கள் சாதாரண ஸ்குறூ றைவருக்கு அசையவில்லை. சுத்தியலால் அடித்தால் சுழலும் இம்பக்ற் றைவர் ஒன்றை இரவல் வாங்கி வந்து அடித்தேன், இரண்டு அடியில் இளகியது. உள்ளே பற்சக்கரங்கள் மின்னின. முன் கியரைப் பிடிக்கும் கிளச்சின் பல் முனைகள் மட்டும் கொஞ்சம் உருண்டிருந்தன. கியர் வழுக்கும் அளவுக்கு இல்லை என்பதால் அப்படியே விட்டேன். இரண்டு பாதியையும் சேர்க்கும் ஓரத்தில் நூல் போன்ற இறப்பர் நாண் ஒன்று ஓடுகிறது. அதைப் பள்ளத்தில் இழுக்காமல் படுக்க வைத்து, முனைகளை மட்டும் சற்று மிஞ்ச விட்டு, மெல்லிய கஸ்கெற் சீலன்ற் பூசி மூடினேன். புது ஒயிலைக் கீழ்த் துவாரத்தால் ஏற்றி, மேல் துவாரத்தால் குமிழி இல்லாமல் வரும்வரை விட்டு, மேல் ஸ்குறூவை முதலில் பூட்டி, பிறகு கீழ் ஸ்குறூ. மேலிருந்து ஊற்றினால் காற்று சிறைப்பட்டு அரைப் பெட்டிதான் நிரம்பும். ஒயில் 19 டொலர்.

காலைத் திரும்ப ஏற்றுவது இந்த முழு வேலையிலும் பொறுமையைச் சோதித்த இடம். தண்டின் பற்கள் மேலே எஞ்சினுக்குள் போக வேண்டும், தண்ணீர்க் குழாய் பம்பின் இறப்பர் வளையத்துக்குள் போக வேண்டும், கியர்க் கம்பி இணைப்புக்குள் போக வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில். தண்ணீர்க் குழாய் கண்ணுக்குத் தெரியாது. அது வளையத்துக்கு வெளியே போய்விட்டாலும் கால் ஒழுங்காகப் பூட்டுப்பட்டுவிடும், தண்ணீர் மட்டும் ஏறாது. குழாய் முனையில் கொஞ்சம் கிறீஸ் பூசி, கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு, ஃபிளைவீலை ஒரு கையால் மெல்ல அசைத்து அசைத்து ஏற்றினேன். தண்டின் பற்களில் பக்கவாட்டில் கிறீஸ் பூசலாம், மேல் முகத்தில் பூசக்கூடாது. அங்கே அடைபட்ட கிறீஸ் தண்டை முழுதாக உட்கார விடாது.

மார்ச் கடைசியில் பெரிய பிளாஸ்ரிக் குப்பைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வீட்டு முற்றத்தில் ஒரு மரச் சட்டத்தில் எஞ்சினைத் தொங்கவிட்டேன். எத்தனோல் கலக்காத பெற்றோல் 20 லீற்றர், ரிசி-டபிள்யூ3 தரத்து ரூ ஸ்ரோக் எண்ணெய் 400 மில்லி, அதாவது ஐம்பதுக்கு ஒன்று. அந்தக் கம்பனி 1964இலிருந்து இந்தக் கலவைக்கு மாறிவிட்டது. அதற்கு முந்திய எஞ்சின் என்றால் இருபத்துநாலுக்கு ஒன்று என்று எண்ணெயைக் கூட்ட வேண்டும். பெற்றோல் குழாயில் இருக்கும் இறப்பர்ப் பல்பை அமத்தி, சோக்கை இழுத்து, கயிற்றை இழுக்க, நீலப் புகையோடு பிடித்தது. பின்னால் தூவானம் வந்தது. பத்து நிமிடத்தின் பிறகு சிலிண்டர் தலையில் கை வைக்க ஒரு சில விநாடி தாங்கியது. குறைவேக ஊசியைக் கால் சுற்று உள்ளே விட்டதும் சத்தம் நிதானமானது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

ஏரியில் வேறு கதை. மெதுவாகப் போகும்வரை தங்கம். முழு வேகம் கொடுத்தால் ஒரு நிமிடத்துக்கு நன்றாகப் பறக்கும், பிறகு யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் இறங்கிவிடும். அரைவாசிக்குக் குறைத்தால் மீண்டும் தேறும்.

காபரேற்றரில்தான் குற்றம் என்று முடிவு கட்டினேன், ஏனென்றால் அதைக் கடைசியாகப் பிரித்தவன் நான். கழற்றி, பிரதான ஜெற்றை மறுபடி கழுவினேன். மிதவையின் உயரத்தைச் சரி பார்த்தேன். மாற்றம் இல்லை. அடுத்ததாகப் பெற்றோல் பம்பைச் சந்தேகித்தேன். இது எஞ்சினின் கிராங் அறைக்குள் ஏறி இறங்கும் அமுக்கத்தால் அசையும் ஒரு மென்தகட்டுப் பம்ப். தகட்டில் ஓட்டை விழுந்தால் இதே குணம் காட்டும். 48 டொலருக்குப் புதுப் பம்ப் வாங்கிப் பூட்டினேன். அதே வியாதி. பழைய பம்பைப் பிரித்துப் பார்த்தால் தகடு நன்றாகவே இருந்தது.

அடுத்த முறை ஏரிக்குப் போகும்போது, ஊரில் பருத்தித்துறையில் வள்ளம் வைத்திருந்த அண்ணை ஒருவரும் வந்தார். அவர் ஓட்டியது யமஹா, அதில் பொயின்றும் இல்லை, இந்த மாதிரிக் கொயிலும் இல்லை. ஆனால் எஞ்சின் கழுத்தைப் பிடித்ததும் அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை, பெற்றோல் தாங்கியைப் பார்த்தார்.

"தம்பி, உந்தக் காபரேற்றரை விடு. இறங்கேக்கை பல்பை அமத்திப் பார்."

முழு வேகம் கொடுத்தேன். சத்தம் இறங்கத் தொடங்கியது. பல்பை அமத்தினேன், உடனே எழும்பியது. கையை எடுக்க மறுபடி இறங்கியது. அமத்த எழும்பியது.

"பெற்றோல் வருது, ஆனா காத்தோட வருது. தாங்கிப் பக்கத்து மூட்டைக் கழட்டு."

தாங்கியில் குழாய் செருகும் இணைப்பில் ஒரு சின்ன ஓ-றிங். வட்டமாக இருக்க வேண்டியது தட்டையாகி, ஒரு பக்கம் வெடித்திருந்தது. இந்த இடத்தில் ஓட்டை இருந்தால் பெற்றோல் வெளியே கசியாது. பம்ப் உறிஞ்சும் பக்கம் அது, அதனால் காற்றுத்தான் உள்ளே போகும். மெதுவாக ஓடும்போது உறிஞ்சல் குறைவு, காற்றும் குறைவு, எஞ்சின் சமாளிக்கும். முழு வேகத்தில் உறிஞ்சல் கூடக் காற்றும் கூடி, காபரேற்றர்க் கிண்ணம் நிரம்புவதைவிட வேகமாகக் காலியாகும். கிண்ணத்தில் இருக்கும் பெற்றோல் முடியும்வரை அந்த ஒரு நிமிடம். குப்பைத் தொட்டியில் முழு வேகம் கொடுக்க முடியாது என்பதால் வீட்டில் இது தெரிய வழியே இல்லை. ஒரு அறிகுறி மட்டும் இருந்தது: புறப்படுமுன் பல்ப் இறுகுவதற்கு அதிக நேரம் அமத்த வேண்டியிருந்தது. நல்ல குழாயில் அது ஒரு சில அமத்தலில் கல்லாக வேண்டும்.

ஓ-றிங்கை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் குழாயின் உட்சுவரும் உரிந்து வருவதைப் பார்த்ததால் குழாய், பல்ப், இரண்டு முனை இணைப்பு எல்லாவற்றையும் ஒன்றாக 57 டொலருக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு போன சனிக்கிழமை. இரண்டு பேரோடு ஜிபிஎஸ் மணிக்கு 34 கிலோமீற்றர் காட்டியது. அண்ணை கொஞ்ச நேரம் கைப்பிடியைத் தன்னிடம் வாங்கி ஓட்டினார், கரைக்கு வரும்வரை திருப்பித் தரவில்லை.

கணக்கு: புல்லர் உட்படச் சாமான்களுக்கு, மேலே விலை சொல்லாத சாம்பியன் ஜே6சி பிளக் இரண்டுக்கு 11 டொலரையும் சேர்த்து, 489 டொலர். எஞ்சினோடு 629. இதில் தேவையில்லாமல் போனது பெற்றோல் பம்புக்குக் கொடுத்த 48 மட்டும்; பழைய பம்ப் இப்போது உதிரியாக இருக்கிறது. இந்த வலுவில் புது எஞ்சின் வாங்க ஆயிரக்கணக்கில் போகும். ஆனால் எரிபொருள் சிக்கனத்தில் புதுசு எவ்வளவோ மேல், அதையும் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஏரியில் நிற்கிறவருக்கு இந்த ரூ ஸ்ரோக் கட்டாது.

அடுத்த எஞ்சினில் ஒழுங்கை மாற்றுவேன். ஏரியில் ஓடும்போது வரும் எந்த வியாதிக்கும் முதலில் பல்பை அமத்திப் பார்ப்பேன், அதற்குக் காசும் இல்லை, ஸ்பானரும் தேவையில்லை. தாங்கிக் குழாயை, எந்த நிலையில் இருந்தாலும், முதல் நாளே தூக்கி எறிந்து புதுசு போடுவேன். கொயிலும் இம்பெல்லரும் அப்படித்தான், சோதித்து நேரம் போக்குவதில்லை. கியர்ப்பெட்டியை மூடுமுன் கைப் பம்பால் சில பிஎஸ்ஐ காற்று ஏற்றித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்க்க ஒரு இணைப்பு செய்து வைத்திருக்கிறேன். இந்தமுறை அது இல்லாமல் நம்பிக்கையில் மூடியதால், இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கீழ் ஸ்குறூவைச் சற்றுத் தளர்த்தி ஒரு துளி எடுத்துப் பார்க்கிறேன். இதுவரை தெளிவாகத்தான் வருகிறது.

புதிதாக இறங்குகிறவர்கள் கடதாசி வேலையையும் மறக்கக்கூடாது. கனடாவில் எந்த எஞ்சின் வள்ளம் ஓட்டவும் ஓட்டுநர் அட்டை வேண்டும், 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் வள்ளத்துக்கு உரிம இலக்கமும் வேண்டும். இந்த 18க்கு இரண்டும் தேவை.

மிச்சம் இருப்பது சின்ன வேலைகள். குறைவேக ஊசியைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம் தளர்ந்திருக்கிறது, எஞ்சின் அதிர்வில் ஊசி தானாகச் சுற்றி வேகம் மாறுகிறது. இரண்டு வளையத்துக்கு ஓடர் கொடுத்திருக்கிறேன். கயிறு சுருளும் ஸ்பிரிங் முழுதாக இழுத்துக்கொள்வதில்லை, கடைசிச் சாண் வெளியே தொங்குகிறது. கிளச் பல்லைக் குளிர்காலத்தில் ஒருமுறை கழற்றி மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை கியரை மெதுவாகத் தடவித் தடவிப் போடாமல், எஞ்சின் வேகத்தை இறக்கிவிட்டு ஒரே தட்டில் போடுகிறேன். தயங்கித் தயங்கிப் போட்டால்தான் அந்தப் பல் முனைகள் உருளும்.